ஜாடியில் வெளுத்த மீன்

சில ஆண்டுகளுக்கு முன் கடற்கரையோரக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் செய்முறைத் தேர்வுக்குப் புறத்தேர்வாளராகச் சென்றிருந்தேன். மேசை மீது வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொன்றிலும் ஃபார்மலினில் மிதக்கும் ஓர் உயிரினம். மாணவர் ஒவ்வொரு ஜாடியின் முன்னும் இரண்டு மூன்று நிமிடம் நின்று அதன் பெயர், குடும்பம், சிறப்பியல்புகள் ஆகியவற்றை எழுத வேண்டும். ‘ஸ்பாட்டர்’ என்று மாணவர்கள் சொல்வது இதைத்தான். நான்காம் ஜாடியில் இருந்தது மடவை மீன். விலங்கியலார் அதை மூஜில் செஃபாலஸ் என்பர்.

ஒரு மாணவர் அந்த ஜாடிக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. வாய்மொழித் தேர்விலும் அதே மீனைக் காட்டி, அதன் வாழிடம் பற்றிக் கூறுமாறு ஆங்கிலத்தில் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். பூச்சியம் இட்டேன். மாலையில் மதிப்பெண் பட்டியலை உறையிலிட்டு அரக்கு வைத்தபின், தாழ்வாரத்தில் அதே மாணவரைக் கண்டேன்.

“எந்த ஊர் தம்பி?”

“பக்கத்துக் குப்பந்தான் சார்.”

“மீன்பிடிக் குப்பமா? அப்படியிருந்துமா மடவை தெரியவில்லை?”

“மடவையா சார் அது? வெள்ளை வெளேர்னு இருந்துச்சு, அதான் சந்தேகமாப் போச்சு. மடவைன்னா முதுகு கருத்து, பக்கத்துல கோடு ஓடும் சார். மழை புடிச்சா முட்டையோட மொகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போவும். குஞ்சு திரும்ப ஆத்துக்குள்ள ஏறி வரும். எங்கப்பா வலை போடுறதே அந்தக் கணக்குலதான்.”

நான் ஆங்கிலத்தில் கேட்ட கேள்விக்குச் சரியான விடை இதுதான். மீன் ஆற்று முகத்தில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குச் செல்வதும், குஞ்சுகள் மீண்டும் உள்ளே வருவதும் பாடநூலில் உள்ள செய்தி. ஃபார்மலின் உடலைக் கெடாமல் காக்கும், நிறத்தைக் காக்காது. மீனை உயிரோடு கண்டவர் நிறத்தாலும் அசைவாலும் அதை அறிவார். ஜாடியில் மட்டுமே கண்டவர் துடுப்பு முள்ளை எண்ணி அறிவார். எங்கள் தேர்வு இரண்டாமவருக்காகவே அமைக்கப்பட்டிருந்தது. உறை அரக்கிட்டாகிவிட்டது; நான் ஒன்றும் செய்யவில்லை. பிரித்துத் திருத்தியிருக்க முடியுமா என்று பின்னர் பலமுறை எண்ணியதுண்டு.

இப்போது பல்கலைக் கழகங்களில் ‘பன்மை’, ‘அனைவரையும் உள்ளடக்குதல்’ என்ற சொற்கள் சுற்றறிக்கைதோறும் வருகின்றன. நல்ல சொற்கள். ஆனால் ஓர் அறிவியல் துறை தன் பன்மையைப் பற்றி எழுதும் ஆண்டறிக்கையைப் படித்தால் அதில் சேர்க்கைக் கணக்கு மட்டுமே இருக்கும்: இத்தனை பெண்கள், இத்தனை பட்டியல் சாதியினர், இத்தனை மாற்றுத் திறனாளிகள். அந்தக் கணக்கு வேண்டாம் என்பது என் கட்சி அன்று. அது எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று பார்க்க வேண்டும் என்பதே.

பன்மையை அளக்கும் கலையை விஞ்ஞானமே நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. சேற்று நிலம் ஒன்றில் எத்தனை வகைப் புழுக்களும் சிப்பிகளும் உள்ளன என்று ஆராயும் உயிரியலார், ஷானன் குறியெண் என்ற ஓர் அளவைப் பயன்படுத்துகின்றனர். 1948இல் தந்திச் செய்திகளின் கணிதத்தை ஆராய்ந்த கிளாட் ஷானன் வகுத்த சூத்திரம் அது. பின்னர் சூழலியலார் அதை எடுத்துக்கொண்டனர். ஒவ்வோர் இனத்தின் பங்கையும் அப்பங்கின் இயல் மடக்கையால் பெருக்கிக் கூட்டி, வரும் எண்ணின் குறியை மாற்றினால் குறியெண் கிடைக்கும். நூறு உயிர்கள், பத்து இனங்கள் என்று கொள்வோம். ஒவ்வோர் இனத்திலும் பத்துப் பத்தாக இருந்தால் குறியெண் 2.30. ஒரே இனம் 91, ஏனைய ஒன்பதும் ஒவ்வொன்று என்றால் குறியெண் 0.50. இரண்டு இடத்திலும் இனங்களின் தொகை பத்துத்தான்! பெயர்ப் பட்டியலில் பத்தும் இடம்பெற்றுவிட்டன என்று மகிழ்வோர் இந்த எளிய கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தக் குறியெண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. எது எதற்கு இரை, எது எதன் நிழலில் வாழ்கிறது, எது அந்த நிலத்திலிருந்து மெல்ல மெல்ல விரட்டப்படுகிறது என்பதை அது சொல்லாது. அதற்கு ஆராய்ச்சியாளர் சேற்றில் இறங்கிப் பல பருவங்கள் கவனிக்க வேண்டும். வகுப்பறைக்கும் இதே எல்லைதான். சேர்க்கைப் பதிவேடு தலைகளை எண்ணும். ஆய்வுக்கூட மேசையில் நுண்ணோக்கியைத் தொடுவது யார், அருகில் நின்று குறிப்பு எடுத்துக்கொடுப்பது யார் என்பது அதில் வராது.

இந்தக் கேள்வியைக் கடலூர் மாவட்டத்தில் வைத்துப் பார்ப்பது பொருத்தம். சிதம்பரத்தை அடுத்து 1929இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகம் தோன்றியது. அதன் கடல் உயிரியல் நிலையம் வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் ஐம்பதுகளில் உருவாயிற்று. பேராசிரியர் ஆர்.வி. சேஷய்யா அதற்கு அடித்தளமிட்டார். அறுபதுகளில் பல்கலைக் கழக மானியக் குழு அதனை உயர் ஆய்வு மையமாக அங்கீகரித்தது. கடல், ஆறு, காயல், அலையாத்திக் காடு நான்கும் நடந்து செல்லும் தொலைவில் அமைந்த இத்தகைய இடம் உலகிலேயே பல துறைகளுக்கு வாய்ப்பதில்லை. அந்த நான்கையும் சுற்றி வாழ்வோர் மீனவரும், உழவுக் கூலிகளும், பிச்சாவரத்துச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களும் ஆவர். இக்கட்டுரை அந்த மையத்தின் மேல் குற்றப்பத்திரிகை அன்று; அங்கிருந்து வந்த ஆராய்ச்சிகளால் நாடு பயன்பெற்றிருக்கிறது. அந்த இடத்தின் செல்வமே கேள்வியைக் கூர்மையாக்குகிறது என்பதால்தான் அங்கே செல்கிறோம்.

பிச்சாவரத்தின் கதையை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட இந்த அலையாத்திக் காட்டில் பெரும் பகுதி இருபதாம் நூற்றாண்டில் அழிந்து வெறும் உப்புத் திட்டாயிற்று. யார் காரணம்? சுற்றுப்புற மக்கள் மாடு மேய்த்தார்கள், விறகு வெட்டினார்கள் என்பதே நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்த விடை. தொண்ணூறுகளில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் மண்ணின் மட்டத்தையும் உப்பின் அளவையும் ஆராய்ந்தபோது வேறு ஒரு விடை கிடைத்தது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்திலிருந்து எழுபதுகள் வரை காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து முழுவதும் வெட்டி எடுக்கும் வழக்கம் அரசு நிர்வாகத்திலேயே இருந்தது. மரம் போன இடத்தில் வெயில் நேரே சேற்றில் பட்டது. சேற்றின் ஈரம் ஆவியாக, நிலம் தட்டுப்போல் குழிந்தது. ஓதத்தில் ஏறிய நீர் வற்றத்தில் வடியாமல் அந்தக் குழியில் தேங்கிக் காய்ந்தது. ஆண்டுக்கு ஆண்டு உப்பு ஏறியது. அந்த உப்பில் எந்தக் கன்றும் பிழைக்கவில்லை.

நோய் தெரிந்ததும் மருந்தும் தெரிந்தது. மீன் முள்போல ஒரு நடு வாய்க்காலும் பக்கக் கிளைகளும் வெட்டினர். ஓதம் உள்ளே வந்து வெளியேறத் தொடங்கியது, உப்புக் குறைந்தது, வெண்கண்டல் கன்றுகள் வேர் பிடித்தன. வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து செய்த வேலை இது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, குற்றவாளியாக நிறுத்தப்பட்ட மக்களே பின்னர் மருத்துவத்திலும் கைகொடுத்தனர் என்பது. விறகு வெட்டுவோரே காட்டை அழித்தனர் என்ற முடிவு அத்தனை ஆண்டுகள் ஏன் நிலைத்தது? அந்த முடிவை எழுதிய மேசையில் அந்த ஊர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தால், “எங்க தாத்தா காலத்துல குத்தகைக்காரன் மொத்தமா வெட்டினானே, அது கணக்குல வராதா?” என்று கேட்டிருக்க மாட்டாரா? இது என் ஊகந்தான். ஆனால் கேட்கப்படாத கேள்வி எந்த ஆய்வுக்கூடத்திலும் விடை பெறாது என்பது ஊகம் அன்று.

2004 டிசம்பர் 26இல் சுனாமி இந்தக் கரையைத் தாக்கியது. அதன் பின் பரங்கிப்பேட்டை மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் ராஜேந்திரனும் பதினெட்டு மீனவக் குடியிருப்புகளை ஆராய்ந்து, அலையாத்திக் காடு உயிர்ச் சேதத்தைக் குறைத்தது என்று 2005இல் எழுதினர். அதே ஆண்டு டேனிஷ் விஞ்ஞானி டேனியல்சனும் துணைவரும் கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்து ஏறக்குறைய அதே முடிவை ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டனர். மறு ஆண்டே கெர், பேர்டு, கேம்ப்பெல் என்ற மூவர் எதிர்வாதம் செய்தனர். குடியிருப்பின் உயரமும் கடலிலிருந்து அதன் தூரமும் கணக்கில் கொள்ளப்பட்டால், மரங்களுக்கென்று தனியே மிஞ்சும் பங்கு மிகச் சிறிதே என்பது அவர்கள் வாதம். அறிவியல் இப்படித்தான் வளர வேண்டும். இந்த விவாதத்தை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். ஒரே அட்டவணையிலிருந்து இரு முடிவுகள் எவ்வாறு பிறக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

அந்த அட்டவணையின் தலைப்புகளை மறுபடி பாருங்கள்: உயரம், தூரம், மரப்பரப்பு, இறந்தோர், இழந்த பொருள். இதில் குடியிருப்பு ஒரு புள்ளி. அந்தக் குடியிருப்பு ஏன் அந்தத் தாழ்ந்த மணலில் அமைந்தது, பக்கத்து மேட்டில் ஏன் அமையவில்லை என்பது தலைப்புகளுள் இல்லை. மீனவருக்குப் படகு கண்ணில் பட வேண்டும் என்பது ஒரு காரணம். மேட்டு நிலம் யாருக்குச் சொந்தம் என்பது மற்றொரு காரணம். பின்னதை ஒரு நிலவரைபடம் காட்டாது. தங்கள் குப்பமே அந்தப் பதினெட்டில் ஒன்றாக இருந்த ஒரு மாணவர் ஆய்வுக் குழுவில் இருந்தால், உயரம் என்ற தலைப்பின் கீழ் எண்ணை எழுதும்போதே இந்தக் கேள்வியும் அவர் கையில் வந்திருக்கும். கெர் குழுவினரின் மறுப்புக்கும் அது ஒரு புதிய கோணம் தந்திருக்கும். ஏனெனில் அவர்கள் வாதமே உயரத்தைப் பற்றியதுதான்.

ஆகவே துறைக்குள் பலரும் வர வேண்டும் என்பதை இரக்கத்தின் பேரில் கேட்க வேண்டியதில்லை. அளவீட்டுப் பிழையைக் குறைக்கும் வழிகளுள் அதுவும் ஒன்று. சரி, அவர்கள் வருவதற்கு என்ன தடை? தமிழ்நாட்டில்தான் 69 விழுக்காடு இட ஒதுக்கீடு இருக்கிறதே என்று வாசகர் கேட்கலாம். பிற்படுத்தப்பட்டோருக்கு 30, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1. இந்தச் சட்டம் இல்லாவிடில் நமது அறிவியல் துறைகள் எந்த நிலையில் இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாயிருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தை மாநில அரசு 2013இல் தனிச் சட்டத்தின் மூலம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டதும், இந்த மாவட்டத்து ஏழை மாணவருக்கு ஒரு பெரிய கதவு.

ஆனால் சிறு துறைகளில் விழுக்காடு விளையாடும் விளையாட்டைக் கவனியுங்கள். இருபது இடங்கள் உள்ள முதுகலை வகுப்பில் நூற்றுக்கு ஒன்று என்பது ஒருவரில் ஐந்தில் ஒரு பங்கு! 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் ஏறத்தாழ 7.95 லட்சம். அவர்களுள் இருளர் குழந்தைக்கு முதல் தடை மதிப்பெண்ணே அன்று; சாதிச் சான்றிதழ். பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியர் சான்று தரலாம். பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் விசாரித்துத் தர வேண்டும். உறவினர் எவரிடமாவது முன்பே சான்று இருக்கிறதா என்று கேட்பது வழக்கம். குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்குச் சென்ற பிள்ளை எந்த உறவினரின் சான்றைக் காட்டும்? வட மாவட்டங்களிலும் கடலூர்ப் பகுதியிலும் இதற்காக இருளர் ஆண்டுக் கணக்கில் அலைவது ஊரறிந்த செய்தி.

இருளரின் அறிவு விஞ்ஞானத்துக்கு வேண்டாமா என்றால், நன்றாகவே வேண்டும். 1978இல் செங்கற்பட்டுக் கடற்கரையில் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்துதான் இந்தியாவின் பாம்புக்கடி மருந்தில் பெரும் பங்கு உருவாகி வந்திருக்கிறது. 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாச் சதுப்பில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க, அந்நாட்டு வனவிலங்கு அதிகாரிகளும் பல்கலைக் கழகத்தாரும் இரண்டு இருளரை வரவழைத்தனர். மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற அவ்விருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. புல் மடங்கிய விதத்தைக் கொண்டு பாம்பு சென்ற திசையைச் சொல்லும் அறிவு அது. அந்த அறிவு ஃபுளோரிடா வரை செல்ல விசா கிடைத்தது. அவர்கள் இனத்துப் பிள்ளை உள்ளூர் விலங்கியல் வகுப்புக்குச் செல்லச் சான்றிதழ் கிடைப்பதுதான் கடினமாயிருக்கிறது.

சிதம்பரத்தில் வாயிலைப் பற்றிய நினைவு பழையது. தில்லைக்குள் நுழைய இயலாமல் ஏங்கி நின்ற நந்தனாரின் பெயரால், சுவாமி சகஜானந்தர் 1916இல் அங்கே கல்விக் கழகம் நிறுவி, தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். பல்கலைக் கழகம் வருவதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பே, படிக்க விரும்பும் பிள்ளைகளும் அவர்களைப் படிக்கவைக்கத் துணிந்த ஒருவரும் அந்த ஊரில் இருந்தனர் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ‘தகுதியானவர் கிடைக்கவில்லை’ என்ற பழைய பல்லவிக்கு அந்த ஊரின் ஆண்டுக் கணக்கே விடை.

இனி, வாயிலைத் தாண்டிய பிறகு என்ன நடக்கிறது? விதிகள் எல்லாருக்கும் ஒன்றாகவே இருக்கும். அதில்தான் சிக்கல். அன்னா மணியின் கதையை அபா சூர் என்ற ஆய்வாளர் 2011இல் வெளியான தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் பயின்ற அன்னா மணி, பெங்களூரில் சர் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளிர்வை ஆராய்ந்தார். தனிப் பெயரிலேயே ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945இல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக் கழகத்துக்கு அளித்தபோது, முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. விதி சாதியையோ ஆண் பெண் என்பதையோ குறிப்பிடவில்லை. அந்த ஆய்வுக்கூடத்தில் பெண்கள் ஆண்களோடு கலந்து பேசவே தடையிருந்தது. அதுவும் எழுதிய விதி அன்று, வழக்கம். பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் கருவிகளை வடிவமைத்துப் புகழ்பெற்ற அவர், இறுதிவரை அந்தப் பட்டம் இல்லாமலேயே வாழ்ந்தார். பட்டம் இல்லாமற்போனதைப் பற்றி அவர் அலட்டிக்கொள்ளவில்லை என்பர். அவர் அலட்டிக்கொள்ளவில்லை என்பதற்காக நாமும் விட்டுவிட முடியாது.

வாய்மொழித் தேர்வும் இவ்வாறான ஒன்றே. டில்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் பாகுபாடு நிலவுவதாக எழுந்த புகாரை விசாரித்த தோராட் குழு 2007இல் தந்த அறிக்கையைப் பலர் சேர்க்கைச் சண்டையாக மட்டுமே படித்தனர். எனக்கு அதில் உறுத்தியது ஒரு சிறு செய்தி: வாய்மொழித் தேர்வில் மற்றவர்களுக்குத் தரும் அளவு நேரம் தங்களுக்குத் தரப்படவில்லை என்று பட்டியல் சாதி, பழங்குடி மாணவருள் மிகப் பெரும்பாலோர் கூறினர். நேரம்! தேர்வாளர் யாரையும் திட்டவில்லை, விதியை மீறவில்லை. அடுத்தவரைக் கூப்பிட்டார், அவ்வளவுதான். நானும் அன்று அதைத்தான் செய்தேன். மடவை மீனுக்கு நான் ஒதுக்கிய நேரம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு.

பாகுபாட்டைத் தடுக்க ஒவ்வொரு கல்வி நிலையத்திலும் சம வாய்ப்புப் பிரிவும் அதற்கென ஓர் அலுவலரும் வேண்டும் என்று மானியக் குழு 2012இல் விதி வகுத்தது. அத்தகைய அறைகள் பல இடங்களில் பலகையோடு இருக்கின்றன. பெரும்பாலும் அவற்றின் வேலை, புகார் வந்தால் கோப்புத் திறப்பது. நிமிடக் கணக்கில் நடக்கும் அநீதிக்கு யார் புகார் எழுதுவார்? ‘பின்தங்கிய மாணவருக்கான சிறப்பு வகுப்பு’ என்ற மற்றொரு மருந்தும் உண்டு. மாலை ஐந்து மணிக்கு மேல் ஒரு பெயர்ப் பட்டியலை ஒட்டி, அந்தப் பட்டியலில் உள்ளோரை மட்டும் உட்காரவைப்பது. ஆங்கிலம் கற்றுத் தருவது நல்லதே. ஆனால் பட்டியலைச் சுவரில் ஒட்டிய அன்றே விடுதியில் யார் யாரோடு உண்பது என்பது முடிவாகிவிடும். அதே பாடத்தை எல்லா மாணவருக்கும் காலை வகுப்பாக வைத்தால் என்ன குறைந்துவிடும்? ஆங்கில வழியில் வந்தவர் பலருக்கும் ஆய்வுக் கட்டுரை எழுதத் தெரியாது என்பது அதை வாசிக்கும் எங்களுக்குத் தெரியும்.

மொழிதான் நம் வாசகரை நேரே தொடும் செய்தி. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்த மாணவர் முதுகலையில் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கேட்க வேண்டும். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தோருக்கு 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டத்தை 2010இல் இயற்றிய மாநிலம் இது. தமிழ் வழியில் படித்துக்கொண்டே அறிவியல் ஆராய்ச்சிக்குச் செல்லும் பாதையை யாரும் அவ்வளவு அக்கறையோடு போடவில்லை. ஆராய்ச்சி ஆங்கிலத்தில் நடக்கட்டும். உலகத்தோடு பேச அது வேண்டும். வாய்மொழித் தேர்வில் சிந்தித்துப் பேசும் மொழியை மாணவர் தேர்ந்துகொள்ளட்டும் என்பதற்கு எந்தச் செலவும் இல்லை.

‘அப்படியானால் தரம் என்னாவது? மீனவர் சொல்வதெல்லாம் அறிவியலாகிவிடுமா?’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. மீனவர் ‘காரல்’ என்ற ஒரே பெயரால் அழைக்கும் கூட்டத்தில் பல இனங்கள் உள்ளன. அடைமொழிகளால் சிலவற்றைப் பிரிப்பார்கள். எல்லாவற்றையும் பிரிக்க மாட்டார்கள். அவற்றைப் பிரித்தறியத் துடுப்பு முள்ளை எண்ணத்தான் வேண்டும், லத்தீன் பெயரைக் கற்கத்தான் வேண்டும். அந்த மாணவருக்கு மூஜில் செஃபாலஸ் என்ற பெயர் தெரிய வேண்டியதில்லை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். பெயருக்கு ஒரு பங்கு மதிப்பெண், வாழ்க்கை முறைக்கு ஒரு பங்கு என்று பிரித்திருந்தால் அவர் பாதியாவது பெற்றிருப்பார். பெயரை ஒப்பித்துவிட்டு, அந்த மீன் எப்போது எங்கே செல்கிறது என்று அறியாத மாணவர் அன்று முழு மதிப்பெண் பெற்றாரே, அப்போது தரம் எங்கே இருந்தது?

லத்தீன் பெயர்களைக் கண்டு நாம் அஞ்சவும் வேண்டாம். பிச்சாவரத்தில் வளரும் ஒரு மரம் எக்ஸ்கோகேரியா அகலோச்சா. முதற்சொல்லுக்குக் குருடாக்குவது என்று பொருள்; அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை கெடும். விறகு வெட்டுவோர் அறிந்திருந்ததை லின்னேயஸ் லத்தீனில் எழுதிவைத்தார். அந்த மரத்தின் தமிழ்ப் பெயர் தில்லை. சிதம்பரத்துக்கே அதனால்தான் தில்லை என்று பெயர். பேரினப் பெயரை மனப்பாடம் செய்யத் திணறும் மாணவருக்கு இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். பிறகு மறக்க மாட்டார். துறை அருங்காட்சியகங்களில் ஒவ்வொரு ஜாடியின் சீட்டிலும் லத்தீன் பெயர், பிடித்த இடம், நாள் ஆகியவை உள்ளன. அதன் கீழே ஊர்ப் பெயரையும், பிடித்துக் கொடுத்தவர் பெயரையும் எழுத இன்னும் இரண்டு வரி இடம் இருக்கிறது. ஆய்வுக் கட்டுரையின் கடைசியில் ‘உள்ளூர் மீனவருக்கு நன்றி’ என்று மொத்தமாகச் சொல்லிவிடுவதைவிட அது நேர்மையானது.

ஸ்பாட்டர் தேர்வுக்கு ஜாடியே வேண்டுமென்பதும் இல்லை. அரிய இனங்களுக்கு வேறு வழியில்லை. மடவைக்கும் நெத்திலிக்கும் கொடுவாவுக்கும் ஏன் ஃபார்மலின்? அதன் நெடி மாணவர் கண்ணையும் தொண்டையையும் எரிப்பது தனி. தேர்வன்று காலை கடலூர் முதுநகருக்கோ பரங்கிப்பேட்டைக்கோ ஆய்வுக்கூட உதவியாளர் ஒரு பையோடு சென்றால், வேண்டிய மீன் அத்தனையும் நிறம் மாறாமல் கிடைக்கும். கூடை வைத்திருக்கும் அம்மாவிடம் கேட்டால், எந்த மீன் எந்த மடையில் பிடிபட்டது என்பதையும் சொல்லித் தருவார்.